120 குதிரை எதற்கு, செங்கம் ரோட்டுக்கா?



சின்னதாக, ஸ்போர்ட்டியாக ஒரு கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை குதிரை?" என்பதைத்தான். அதை முதல் கேள்வியாக வைப்பது தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். என்னிடம் படித்தவர்களுக்கு அது புதிதில்லை.

விஷயம் இதுதான். என் தம்பி மகன் பெங்களூருவில் வேலை பார்க்கிறான். மாதத்துக்கு இரண்டு முறை மனைவி, ஒன்றரை வயதுக் குழந்தையோடு ஊருக்கு வருவான். ஆடி கழிந்து ஆவணியில் கார் எடுப்பதாக முடிவு செய்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யோசனை கேட்டான். கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "டர்போ எடு", "100க்குக் கீழே எடுத்தால் ஸ்போர்ட்டு என்று வெளியே சொல்லாதே", "82 குதிரை வண்டி எல்லாம் கால் டாக்ஸிக்குத்தான்". நான் ஒரே வரி போட்டேன்: "முதலில் வளைவில் ஓட்டிப் பார், பிறகு பிரேக் போட்டுப் பார், கடைசியில் எஞ்சினைக் கேள்." அதற்குப் பதினொரு சிரிப்புப் பொம்மைகள் வந்தன. சேத்துப்பட்டு மாப்பிள்ளை, "அண்ணி, நீங்க ஃபிகோ ஓட்டுறவங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு" என்று எழுதினார். மாப்பிள்ளைக்கு மரியாதையோடு சொல்கிறேன்: ஃபிகோ ஓட்டுவதால்தான் எனக்கு இந்த வம்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முன் ஒன்பது வருடம் ஜவ்வாது மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை செய்தேன். போளூரில் குடியிருந்தோம். நான்கு டீச்சர்கள் பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு என் ஃபிகோவில்தான் மலை ஏறுவோம். 1.2 லிட்டர் பெட்ரோல், 71 குதிரை. நான்கு பேர், நான்கு டிபன் கேரியர், பரீட்சை நேரத்தில் விடைத்தாள் கட்டு வேறு. ஏறும்போது இரண்டாவது கியரில் முனகும், அது உண்மை. ஆனால் மாலையில் இறங்கும்போது, மழை பெய்து ரோட்டில் செம்மண் வழிந்து கிடக்கும்போது, ஒரு வளைவிலும் அந்த வண்டி என் கையை விட்டுப் போனதில்லை. முன் சக்கரம் எந்த இடத்தில் இருக்கிறது, பிடி எங்கே குறைகிறது என்று ஸ்டியரிங் உள்ளங்கைக்குச் சொல்லும். அதைத்தான் ஹேண்ட்லிங் என்கிறோம். விளம்பரத்தில் அதற்கு எண் இல்லை. அதனால் அது எங்கள் குழுவில் யார் கண்ணிலும் படவில்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். 1998 செட் ஏழாம் வகுப்பு, தலையைக் குனியாதீர்கள், இது சுலபமான கணக்கு.

ஒரு வளைவில் கார் சறுக்காமல் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் போகலாம்? வளைவின் ஆரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8ஆல் பெருக்குங்கள். அதை டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உள்ள உராய்வு எண்ணால் பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுங்கள். விடை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவு, காய்ந்த தார் ரோடு, உராய்வு எண் 0.7 என்று வைத்தால், 343க்கு வர்க்கமூலம் சுமார் 18.5. மணிக்கு 67 கிலோமீட்டர். அதே வளைவில் மழை பெய்து உராய்வு எண் 0.4 ஆகிவிட்டால் 196க்கு வர்க்கமூலம் 14. மணிக்கு 50 கிலோமீட்டர்தான்.

இந்தக் கணக்கில் குதிரைத்திறன் எங்கே வந்தது? வரவே இல்லை. 71 குதிரைக்கும் அதே 67. 120 குதிரைக்கும் அதே 67. மழையில் இரண்டுக்கும் அதே 50. 120 குதிரை வண்டி அந்த வளைவை எட்டும்போது அதிக வேகத்தில் எட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அது லாபமா நஷ்டமா என்று நீங்களே சொல்லுங்கள்.

"அப்படியென்றால் எல்லா வண்டிக்கும் ஒரே விடைதானே டீச்சர், ஹேண்ட்லிங் எதற்கு?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். நல்ல கேள்வி. அந்த 0.7 என்பது நான்கு டயரும் ரோட்டை முழுசாகப் பிடித்திருந்தால் கிடைக்கிற எண். வளைவில் திரும்பும்போது வண்டியின் பாரம் வெளிப்பக்க டயர்களுக்குச் சாய்கிறது. பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறது. வளைவுக்கு நடுவே ஒரு பள்ளம் வந்தால் ஒரு சக்கரம் ஒரு கணம் காற்றில் நிற்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒழுங்காக இருந்தால் அந்தச் சக்கரம் உடனே தரைக்கு வந்துவிடும். தொளதொளவென்று இருந்தால் இரண்டு முறை குதித்துவிட்டு வரும். அந்த இரண்டு குதிக்குள் நீங்கள் எதிர்ப் பக்கம் போய்விட்டிருப்பீர்கள். கணக்கு தருகிற 67ஐ ஒரு வண்டி 62 வரை பயமில்லாமல் தரும். இன்னொன்று 50லேயே உங்கள் வயிற்றைப் புரட்டும். இந்த வித்தியாசத்துக்குத்தான் நான் காசு கொடுக்கச் சொல்கிறேன்.

பிரேக் கணக்கு இன்னும் மோசம். 80 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள், முன்னால் ஒரு மாடு. கண் பார்த்து, கால் பிரேக்கைத் தொட ஒரு வினாடி. அதற்குள் 22 மீட்டர் போய்விடும். பிறகு நிற்க 36 மீட்டர். ஆக 58. இதே 100 கி.மீ. வேகம் என்றால் முதல் வினாடியில் 28 மீட்டர், நிற்க 56 மீட்டர். ஆக 84. இப்போது கவனியுங்கள். 80இல் வந்த வண்டி சுத்தமாக நின்றுவிட்ட அந்த இடத்தைத் தாண்டும்போது, 100இல் வந்த வண்டி இன்னமும் மணிக்கு 68 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேகம் 20தான் கூடியது. மாட்டின் மேல் மோதுகிற வேகம் பூஜ்யத்திலிருந்து 68க்குப் போய்விட்டது. வர்க்கம் என்று ஒன்றைப் பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்தோமே, அது இங்கேதான் வேலை செய்கிறது.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்க இவ்வளவு கணக்குகூட வேண்டாம். தீபத் திருவிழா ஏழாம் நாள் மகாரதம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள் உண்டு. நேர் வீதியில் அத்தனை பேரின் பலமும் பார்க்கப் பரவசம்தான். மாட வீதி மூலை வந்ததும் என்ன நடக்கிறது? வடம் பிடித்தவர்கள் நிற்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நாலைந்து பேர்தான் அந்த மூலையில் முதலாளி. அவர்கள் கட்டையைச் சாய்த்துப் போட்டால் தேர் சாய்ந்து திரும்பும், நேராகப் போட்டால் நிற்கும். வடத்தில் இன்னும் ஐநூறு பேர் சேர்ந்தால் தேர் நன்றாகத் திரும்பிவிடுமா? எங்கள் குழுவில் எல்லோரும் வடத்தில் ஆள் சேர்க்கிறார்கள். கட்டை போடுகிறவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

இது ஏதோ வயதான டீச்சரின் பயம் என்று நினைக்கிறவர்களுக்கு, பந்தயக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். கோயம்புத்தூரில் கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். எஸ். கரிவரதன். நம் நாட்டில் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் பந்தயக் கார் ஓட்ட வேண்டும் என்றால் என்ன வழி என்று யோசித்து, மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டியவர். அதற்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். 796 சிசி, மூன்று சிலிண்டர். ரேஷன் கடைக்குப் போகிற காரின் எஞ்சின். ஆனால் தரையோடு தரையாக உட்காருகிற உடம்பு, லேசான சட்டம், வளைவில் ஒட்டிக்கொள்கிற சக்கரங்கள். அந்த வண்டிகளில் ஒரு தலைமுறையே பந்தயம் பழகியது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கிற பந்தயத் தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். உலகத்திலேயே வேகமான கார்களை ஓட்டப் போகிற பிள்ளைக்குப் பால பாடம் 800 சிசியில். ஏன்? பலம் குறைவாக இருந்தால் வளைவில் விட்ட வேகத்தை நேர் ரோட்டில் எட்டிப் பிடிக்க முடியாது. அதனால் வளைவைச் சரியாகப் போடக் கற்றே தீர வேண்டும். பலம் அதிகமாக இருந்தால் தப்பாகத் திரும்பிவிட்டு ஆக்சிலேட்டரால் மூடி மறைக்கலாம். கோனார் நோட்ஸை மனப்பாடம் செய்து மார்க் வாங்குகிற மாதிரி.

அதே கோவையில் இன்னொரு கதை. ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், பந்தய வீரர் ஜெ. ஆனந்தின் நிறுவனம். டாடாவோடு கூட்டுச் சேர்ந்து 2018இல் டியாகோ ஜே.டி.பி. என்ற குட்டிக் காரைக் கொண்டுவந்தார்கள். சாதாரண டியாகோவில் 85 குதிரை. இதில் டர்போ வைத்து 114. "பார்த்தீர்களா, பந்தயக்காரரே குதிரையைத்தானே கூட்டினார்!" என்று தம்பி மகன் இதைக் காட்டித்தான் என்னோடு வாதாடினான். முழுசாகப் படித்துவிட்டு வாதாடியிருக்கலாம். அவர்கள் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. வண்டியைச் சில மில்லிமீட்டர் தாழ்த்தினார்கள். சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள். அகலமான டயர் போட்டார்கள். பந்தயம் தெரிந்தவர் கை வைத்தால் அப்படித்தான் செய்வார், காலைப் பலப்படுத்தாமல் தோளில் மூட்டையை ஏற்ற மாட்டார். அந்த வண்டி 2020லேயே நின்றுபோனது, எனக்கு அதில் வருத்தம்தான்.

2017இல் ஃபோர்டு நேர் எதிராக ஒன்று செய்தது. ஃபிகோவுக்கு ஸ்போர்ட்ஸ் பதிப்பு என்று விட்டார்கள். எஞ்சினில் ஒரு குதிரைகூடக் கூட்டவில்லை. சஸ்பென்ஷனை இறுக்கி, 15 அங்குலச் சக்கரத்தில் அகல டயர் மாட்டினார்கள், அவ்வளவுதான். "ஸ்டிக்கர் ஒட்டிக் காசு பிடுங்குகிறான்" என்று அப்போது நம் பையன்கள் கேலி செய்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்குத் தெரிந்து அந்த வருடங்களில் ஸ்போர்ட்ஸ் என்ற பெயருக்கு நியாயம் செய்த சின்னக் கார்களில் அதுவும் ஒன்று. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே கார் செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தபோது, என் பழைய வண்டியை ஒரு முறை துணி போட்டுத் துடைத்தேன். மறைமலை நகரில் பிறந்த வண்டி அது.

ஹூண்டாய் ஐ20 என்-லைனும் அப்படித்தான். நம்ம இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது. பந்தயத் தளமும் அதே ஊரில்தான் இருக்கிறது, வேடிக்கைதான். 2021இல் அது வந்தபோது, ஏற்கெனவே ஐ20இல் இருந்த அதே 1 லிட்டர் டர்போ, அதே 120 குதிரை. மாற்றியது என்ன? சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், ஸ்டியரிங்குக்குக் கனம் கொடுத்தார்கள், பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். சைலன்சர் சத்தத்தையும் மாற்றினார்கள், அது எனக்கு வேண்டாம். கார் செய்கிறவனே ஸ்போர்ட்டி என்றால் அடியில்தான் செலவு செய்கிறான். வாங்குகிற நாம் மட்டும் மேலே எழுதியிருக்கிற எண்ணைப் பார்க்கிறோம்.

வெளிநாட்டுச் சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் மினி கூப்பர். 10 அங்குலச் சக்கரம், வண்டியின் நாலு மூலையில் நாலு சக்கரம், எஞ்சின் முதலில் 1.1 லிட்டர்கூட முழுசாக இல்லை, பிறகு 1.3. பனி மூடிய மலை ரோட்டில் நடக்கும் மான்டி கார்லோ ராலியை 1964, 1965, 1967 என்று மூன்று முறை ஜெயித்தது. 1966லும் அதுதான் முதலில் வந்தது. விளக்கு விதியைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். மலை ரோட்டில் சின்ன வண்டிக்கு எது பலம் என்று அறுபது வருடம் முன்பே முடிந்துபோன வழக்கு இது.

சரி, எதிர்க்கட்சியின் ஒரே நல்ல வாதத்துக்கு வருகிறேன். ஓவர்டேக். தம்பி மகன் வருகிற பாதை எனக்குத் தெரியும். கிருஷ்ணகிரி வரை அகலச் சாலை. அதற்குப் பிறகு ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் என்று எதிரும் புதிருமாக வண்டி வருகிற சாலை. கரும்பு லாரி, பஸ், டிராக்டர். "அத்தை, லாரியைத் தாண்டும்போது பலம் இருந்தால்தானே சீக்கிரம் தாண்டலாம், அதுதானே பாதுகாப்பு?" என்கிறான். இதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஐந்து பேர், ஏசி, டிக்கி நிறைய மூட்டை என்று ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்குகிற எஞ்சினோடு யாரும் ஓவர்டேக்குக்கு இறங்கக்கூடாது. போதிய பலம் வேண்டும். போதியது எவ்வளவு என்பதில்தான் சண்டை.

1983இல் வந்த மாருதி 800இல் 37 குதிரை, எடை சுமார் 650 கிலோ. டன்னுக்கு 57 குதிரை. அதில்தான் நம் அப்பாமார்கள் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போனார்கள். இன்று நீங்கள் கால் டாக்ஸி என்று கேலி செய்கிற ஸ்விஃப்டில் 82 குதிரை, எடை 900 கிலோவைச் சற்றுத் தாண்டும். டன்னுக்கு 90க்குக் கொஞ்சம் குறைவு. 2024இல் புது ஸ்விஃப்ட் வந்தபோது பழையதில் இருந்த 90 குதிரை 82 ஆகிவிட்டது என்று துக்கம் விசாரித்தவர்கள் என் முன்னாள் மாணவர்களிலேயே உண்டு. எட்டு குதிரை செத்ததற்கு அழுதவர்கள், ஆறு ஏர்பேக்கும் இ.எஸ்.சி.யும் எல்லா மாடலிலும் வந்ததை ஒரு வரிகூட எழுதவில்லை. இ.எஸ்.சி. என்றால் வண்டி சறுக்கத் தொடங்கினால் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் என்று தானே பார்த்துப் போடுகிற ஏற்பாடு. முட்டுக்கட்டைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரும் மேலே சொன்ன 343, 196 கணக்கை மீற முடியாது, ஆனால் மனிதக் கால் செய்ய முடியாததைச் செய்வார்.

இப்போது தாண்டுகிற கணக்கு. லாரி 50இல் போகிறது, நீ 80இல் தாண்டுகிறாய். லாரியின் நீளம், உன் நீளம், முன்னும் பின்னும் விடுகிற இடைவெளி எல்லாம் சேர்த்து 40 மீட்டர் முந்த வேண்டும். கிட்டத்தட்ட 5 வினாடி. அதற்குள் நீ 107 மீட்டர் போயிருப்பாய். எதிரே ஒருவன் 80இல் வந்தால் அவனும் 107 மீட்டர் வந்திருப்பான். ஆக 214 மீட்டருக்கு மேல் கண்ணுக்கு எட்டிய தூரம் காலியாக இருக்க வேண்டும். பலமான எஞ்சின் இந்த ஐந்தில் கொஞ்சம் குறைத்துத் தரும். ஆனால் 120 குதிரை வாங்கினவன் அந்த மிச்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறானா? இல்லை. 150 மீட்டரே காலியாக இருக்கும்போது "நம்ம வண்டி போகும்" என்று வெளியே வருகிறான். 82 குதிரைக்காரன் அந்த இடத்தில் லாரிக்குப் பின்னாலேயே இருந்து செங்கம் வந்து டீ குடிப்பான். அது மட்டுமா? தாண்டும்போது கணக்குத் தப்பினால் காப்பாற்றுவது எது? சட்டென்று உள்ளே திரும்பி, பிரேக் போட்டு, மறுபடியும் நேராகிற வண்டியா, மேலும் முறுக்குகிற எஞ்சினா? எதிரே பஸ் வந்துவிட்ட பிறகு ஆக்சிலேட்டரில் காலை வைத்துப் பிழைத்தவர்களை மட்டும்தான் நாம் சந்திக்கிறோம். மற்றவர்கள் குழுவில் வந்து கருத்துப் போட முடியாது.

இன்னொன்று. டர்போ எஞ்சினின் முழுப் பலம் எப்போதும் காலடியில் இருப்பதில்லை. கீழ்ச் சுற்றில் கொஞ்சம் தூங்கும், பிறகு சட்டென்று எழும். பழகினவர்களுக்குப் பரவாயில்லை. ஈர ரோட்டில் வளைவு முடிகிற இடத்தில் அது எழுந்தால் முன் சக்கரம் வழுக்கும். எந்த டர்போவாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

இடையில், "ஹேண்ட்லிங்கும் வேண்டாம், குதிரையும் வேண்டாம், உயரமாக ஒரு குட்டி எஸ்.யு.வி. எடு" என்று அண்ணன் ஒருவர் புகுந்தார். ஸ்பீட் பிரேக்கர்களைப் பார்த்தால் அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் ஸ்பீட் பிரேக்கருக்காக உயரத்தைக் கூட்டினால், ஒவ்வொரு வளைவிலும் அந்த உயரம் சாய்வாகக் கூலி கேட்கும். கேட்டது ஸ்போர்ட்டி கார். பதில் அதற்குத்தான்.

ஏன் எல்லோருக்கும் குதிரைத்திறன் மேல் இவ்வளவு பிரியம்? முப்பத்தி மூன்று வருடம் மார்க் போட்டவள் என்ற முறையில் எனக்குக் காரணம் தெரியும். அது ஒரு எண். எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லலாம். 486 மார்க் என்றால் ஊரே ஒப்புக்கொள்ளும், "பையனுக்கு நன்றாகப் புரிகிறது" என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஹேண்ட்லிங்கைத் தெரிந்துகொள்ள அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கவனித்து ஓட்ட வேண்டும். ஆகவே மார்க் ஷீட்டைப் பார்த்தே சேர்த்துவிடுகிறோம், எட்டு லட்சம், பத்து லட்சம் கொடுத்து.

எப்படி ஓட்டிப் பார்ப்பது? டெஸ்ட் டிரைவ் என்றால் பெரும்பாலும் என்ன நடக்கிறது தெரியுமா? நேர் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர், ஒரு யூ-டர்ன், "பிக்கப் எப்படி சார்?" என்று ஒரு கேள்வி. அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். வளைவு உள்ள, கூட்டமில்லாத ரோட்டைக் கேளுங்கள். தயவுசெய்து கிரிவலப் பாதையைக் கேட்காதீர்கள். அங்கே நடக்கிறவர்கள் சாமியைப் பார்க்க வந்தவர்கள், உங்கள் வண்டியைப் பார்க்க வரவில்லை. போளூர் தாண்டி மலையேறும் ரோடு போதும். காலை ஆறு மணிக்குப் போங்கள். வேகம் வேண்டாம், 40 போதும். திரும்பும்போது உடம்பு எவ்வளவு சாய்கிறது, ஸ்டியரிங்கை விட்டால் தானாக நடுவுக்கு வருகிறதா, மேடு ஏறி இறங்கிய பிறகு வண்டி ஒரு முறையில் அடங்குகிறதா இரண்டு மூன்று முறை ஆடுகிறதா, பாருங்கள். பின்னால் யாரும் வராத இடத்தில் 60இல் இருந்து அழுத்தமாகப் பிரேக் போட்டு, மூக்கு நேராக நிற்கிறதா பாருங்கள். மனைவியைப் பின் சீட்டில் உட்கார வைத்து அவள் முகத்தைப் பாருங்கள். அவளுக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தால் 120 குதிரை இருந்தும் பயனில்லை. நீங்கள் ஓட்டாமல் அவளை ஓட்டச் சொல்லுங்கள், அது இன்னும் நல்லது.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. சக்தி எஞ்சினில் இருக்கட்டும், அது ரோட்டுக்கு வருவது நான்கு உள்ளங்கை அகல ரப்பர் வழியாகத்தான். பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஓடோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். காற்று எவ்வளவு என்று டிரைவர் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள், ஆள் குறைவுக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. பங்கில் "எல்லாத்துக்கும் 35 போடுப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

என் வோட்டு யாருக்கு என்று கேட்டால் ஒளிக்க மாட்டேன். காசு அளவாக இருந்தால் 82 குதிரை ஸ்விஃப்ட், மேனுவல் கியர். ஸ்டியரிங்கில் ரோட்டின் சேதி என் ஃபிகோ அளவுக்கு வருவதில்லை என்ற குறை உண்டு, ஆனால் உடம்பு லேசு, திரும்ப மனசுள்ள வண்டி. மிச்சமாகிற பணத்தில் முதல் டயர் தேயும்போது நல்ல டயர் போடு, கண்ணு. 120தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால் என்-லைன் எடு, அதில் பலத்துக்கு ஏற்ற பிரேக்கும் காலும் இருக்கிறது. அடியில் ஒன்றும் மாற்றாமல் மேலே டர்போ மட்டும் வைத்து விற்கிற எதையும் எடுக்காதே. எடுத்தால் உன் இஷ்டம், ஆனால் குழந்தையை அதில் வைத்துச் செங்கம் வழியாக ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வராதே.

என்னிடம் படித்த மூன்று பேர் வேலூரிலும் இங்கேயும் கார் ஷோரூம்களில் விற்பனைப் பிரிவில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒன்று. டார்கெட் உங்களுக்கு இருக்கிறது, தெரியும். ஆனாலும் அடுத்த வாடிக்கையாளர் "எத்தனை பி.எஸ்.?" என்று கேட்கும்போது எண்ணைச் சொல்லிவிட்டு, "வளைவில் ஒரு ரவுண்டு போய் வருவோமா சார்?" என்று நீங்களாகவே கேளுங்கள். டெஸ்ட் வண்டியில் டயர் காற்றை வாரம் ஒரு முறை பாருங்கள்.

கருத்துகளுக்குப் பதில் நாளைக் காலைதான் எழுதுவேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து போடும் நேரமாகிவிட்டது. சேத்துப்பட்டு மாப்பிள்ளை மட்டும் பிரேக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு வரவும்.